டர்போ இஞ்சின் திருப்பிக் கட்டுறது எப்பிடி? வாசகர் கேள்வி - பதில்

போன இதழில டர்போ இஞ்சின் (புகை வாயுவால சுத்துற சக்கரத்தை வச்சுக் காத்தை அமுக்கி உள்ள தள்ளுற இஞ்சின்) பற்றிக் கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு கேட்டிருந்தம், கொக்குவில் தொடக்கம் பருத்தித்துறை வரைக்கும் இருந்து வந்திருக்குது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு 2025 தொடக்கத்தில திரும்பத் திறக்கும் வரைக்கும் இருக்கிற வாகனத்தை வச்சுத்தான் எல்லாரும் ஓட வேண்டிக் கிடந்தது, திறந்த பிறகும் வரியோட சேத்துப் பாத்தா புது வாகனம் கனபேருக்கு எட்டாத விலை, அதால முப்பது வருசப் பழைய கார் எண்டாலும் இஞ்சினைக் கழட்டித் திருப்பிக் கட்டி ஓடத்தான் சனம் பாக்குது. கட்டுறதெண்டா ஒழுங்காக் கட்டவேணும், அதுக்காகத்தான் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுறன். ஒரே மாதிரி வந்த கேள்வியளை ஒண்டாச் சேத்திருக்கிறன்.

கேள்வி: அண்ணை, என்னட்ட ரொயோட்டா ஈபி82 ஸ்டார்லெட் கார் ஒண்டு நிக்குது, 4ஈ-எஃப்டிஈ டர்போ இஞ்சின். கம்ப்ரெஷன் குறைஞ்சு, புகைச்சு, இப்ப கழட்டியாச்சு. கனடாவில இருக்கிற மச்சான் ஃபோர்ஜ்ட் (அடிச்சு உருவாக்கின) பிஸ்டன், ரொட், பெரிய டர்போ எல்லாம் வாங்கி அனுப்புறன் எண்டு நிக்கிறார். எதை முதல் வாங்கச் சொல்ல?
- வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒண்டும் வாங்கவேண்டாம் எண்டு மச்சானுக்கு இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. முதல் வேலை அளக்கிறது. புளொக்கையும் க்ராங்கையும் அளக்காமல் சாமான் ஓடர் பண்ணுறவைதான் பிறகு ரெண்டு தரம் காசு குடுக்கிறவை, ஸ்டாண்டர்ட் சைஸ் பிஸ்டன் வந்து இறங்கின பிறகு புளொக்கின்ர சிலிண்டரை 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸுக்கு அகலிச்சு வெட்டவேணும் எண்டு லேத்துக்காரர் சொல்லுவார், அப்ப அதைக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பவும் ஏலாது இஞ்ச விக்கவும் ஏலாது.

உங்கட இஞ்சின் 1331 சிசி, போர், அதாவது சிலிண்டர் விட்டம், 74 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம், 77.4. ஒவ்வொரு சிலிண்டரையும் போர் கேஜ் போட்டு மேல, நடுவில, கீழ எண்டு மூண்டு இடத்தில அளவுங்கோ, ஒவ்வொரு இடத்திலயும் க்ராங்க் கிடக்கிற திசையில ஒருக்கா அதுக்குக் குறுக்கால ஒருக்கா. கூடத் தேயிறது மேல் ரிங் நிண்டு திரும்புற இடத்திலதான், அதுவும் குறுக்குத் திசையில. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம், ரெண்டு திசைக்கும் வித்தியாசம், ரெண்டும் மனுவல் சொல்லுற எல்லைக்குள்ள நிண்டா ஹோனிங்கோட, கல்லால தேச்சு எடுக்கிறதோட, விடலாம், தாண்டினா போர் பண்ணி அகலிக்கத்தான் வேணும். க்ராங்க் ஜேர்னலையும் (பெயரிங்குக்குள்ள சுத்துற உருண்டைப் பகுதி) மைக்ரோமீற்றரில ரெண்டு திசையில அளந்து எழுதி வையுங்கோ. லேத்தில அளந்து தருவினம், ஆனா நீங்களும் பக்கத்தில நிண்டு பாருங்கோ.

அடுத்தது, கழட்டின பழைய சாமானை எறிஞ்சு போடாதேங்கோ. அந்த இஞ்சின் எதால பழுதாப் போனது எண்டு அதுகள்தான் காட்டும். பிஸ்டனை வெளிச்சத்தில பிடிச்சு, முதலாம் ரிங்குக்கும் ரெண்டாம் ரிங்குக்கும் நடுவில இருக்கிற மெல்லிய அலுமினிய வரம்பைப் பாருங்கோ, அது வெடிச்சோ உடைஞ்சோ இருந்தா, இல்லாட்டி பிஸ்டன் மேல்விளிம்பு மண் அடிச்ச மாதிரிச் சொறசொறத்துக் கிடந்தா, இஞ்சின் நொக் பண்ணியிருக்குது, அதாவது கலவை தானாப் பத்தி அடிச்சிருக்குது. ஸ்பார்க் பிளக்கின்ர வெள்ளைப் பீங்கானில சின்னச் சின்ன மினுங்கல் புள்ளியள் கண்டா அது பிஸ்டன்ர அலுமினியம் உருகித் தெறிச்சது. ரொட் பெயரிங்கில மேல் பாதி மட்டும் அடி வாங்கித் தேஞ்சிருந்தா அதுவும் அனேகமா நொக்கால வந்தது. பெயரிங் முழுக்கச் சுத்திக் கோடு கோடாக் கீறுப்பட்டிருந்தா ஒயிலில ஊத்தை போயிருக்குது. நொக்கால செத்த இஞ்சினுக்கு என்ன விலைப் பிஸ்டன் போட்டாலும் காரணத்தைத் திருத்தாட்டி அதுவும் அதே வழிதான் போகும், அந்தக் காரணம் பெற்றோல் பம்ப் வலு குறைஞ்சதா இருக்கலாம், இன்ஜெக்டர் அடைச்சதா இருக்கலாம், ஆரோ பூஸ்டை, டர்போ தள்ளுற காத்தின்ர அமுக்கத்தை, கூட்டி விட்டதா இருக்கலாம்.

இப்ப பிஸ்டனுக்கு வருவம். யப்பானில இருந்து வரேக்கயே அந்த இஞ்சின் 135 குதிரைவலு, காரோ சின்னன், பாரமில்லை, எங்கட றோட்டுக்கு அது தாராளம். பூஸ்டை கொம்பனி விட்ட அளவிலயோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ வச்சு ஓடப்போறீங்கள் எண்டா ஒறிஜினல் பிஸ்டனும் ஒறிஜினல் ரொட்டும் போதும் எண்டதுதான் என்ர அபிப்பிராயம், ஆர் என்ன சொன்னாலும். ஃபோர்ஜ்ட் பிஸ்டன் பலம் கூட, அதில மறுபேச்சில்லை, ஆனா அதிலயும் ரெண்டு வகை இருக்குது. 2618 எண்ட அலுமினியக் கலவை சூட்டில நல்லா விரியும், அதால சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூட விடவேணும், காலமை குளிருக்க ஸ்டார்ட் பண்ணேக்க டக் டக் எண்டு அடிக்கும், நெடுக ஓட்டத்தில தேய்வும் கூட. 4032 எண்ட கலவையில சிலிக்கன் கூட, விரியிறது குறைவு, இடைவெளியை இறுக்கலாம், தினம் வேலைக்குப் போய்வாற காருக்கு ஃபோர்ஜ்ட் வேணுமெண்டா அதுதான் பொருத்தம். மச்சானைக் கேட்டுப் பாருங்கோ அவர் எந்தக் கலவை பாத்து வச்சிருக்கிறார் எண்டு.

எந்தப் பிஸ்டன் எண்டாலும், பிஸ்டன் கையில வந்த பிறகுதான் புளொக் லேத்துக்குப் போகவேணும். நாலு பிஸ்டனையும் கொண்டுபோய்க் குடுத்து, பெட்டியில எழுதியிருக்கிற இடைவெளியைக் காட்டி, ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியா அளந்து அதுக்கு ஏத்த மாதிரி ஹோன் பண்ணச் சொல்லுங்கோ, பிறகு எது எந்தச் சிலிண்டருக்கு எண்டு நம்பர் போட்டு வாங்குங்கோ. ஹோன் பண்ணேக்க ஹெட் இருக்கிற இடத்தில தடிச்ச இரும்புத் தகடு ஒண்டைப் பூட்டி இறுக்கிப்போட்டுச் செய்தா இன்னும் நல்லது, ஹெட் போல்ட் இறுகேக்க சிலிண்டர் கொஞ்சம் நெளியும், அந்த நெளிவோடயே வட்டமா வெட்டுப்படும்.

சும்மா மாத்தியே ஆகவேண்டிய சாமான் எண்டா மெயின் பெயரிங், ரொட் பெயரிங், த்ரஸ்ட் வோஷர், ரிங், ஹெட் காஸ்கெட்டோட முழு காஸ்கெட் செற், ஹெட் போல்ட், ரொட் போல்ட், ஒயில் பம்ப், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டாட், டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய ஒயில் பம்ப் மலிவாக் கிடைக்கும், அதுக்கு ஆசைப்படாதேங்கோ. பெற்றோல் பம்பும் புதுசு, இன்ஜெக்டரைக் கழட்டிச் சோதிச்சுக் கழுவி எடுங்கோ, நாலும் ஒரே அளவு பெற்றோல் விடுதோ எண்டு பாக்கிறதுதான் முக்கியம், ஒண்டு குறைய விட்டா அந்தச் சிலிண்டர் மட்டும் சூடேறி முதல் போகும்.

பெரிய டர்போ வேண்டாம். கொம்பனி போட்ட சிடி9 சின்ன டர்போ, கெதியாச் சுத்தத் தொடங்கும், ஊருக்குள்ள மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லை இருக்கிற இடத்தில கீழ் வேகத்தில இழுவை இருந்தாத்தான் ஓடச் சுகம். பெரிய டர்போ போட்டா இஞ்சின் மேல் சுற்றுக்கு ஏறின பிறகுதான் இழுக்கும், அந்தச் சுற்றுக்கு ஏத்த எங்களுக்கு எங்க றோட்டு இருக்குது. அதோட பெரிய டர்போ எண்டா பெரிய இன்ஜெக்டர், வேற கம்பியூட்டர், அதை டியூன் பண்ண ஒரு ஆள், எல்லாம் பின்னால வரும். உங்கட இன்டர்கூலர் இஞ்சினுக்கு மேலதான் இருக்குது, பொனட் ஓட்டையால காத்து ஓடினாத்தான் அது குளிரும், கஸ்தூரியார் வீதி நெரிசலில பங்குனி வெய்யிலுக்க நிண்டா அது தானே சூடாகிப்போகும், அந்த நேரம் அமத்தினா நொக் வரும். 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கவேணும், 92 இந்த இஞ்சினுக்கு ஆகாது.

கேள்வி: என்ர கார் அதே ஸ்டார்லெட்தான், ஆனா டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈ. இஞ்சினைக் கழட்டாமல் டர்போவை மட்டும் வாங்கிப் பூட்டலாமோ?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: பூட்டலாம், ஓடும், கனகாலம் ஓடாது. டர்போ இல்லாத இஞ்சினில கம்ப்ரெஷன் 9.6க்கு 1, டர்போ இஞ்சினில 8.2க்கு 1. கொம்பனி அதை ஏன் குறைச்சது எண்டா, டர்போ தள்ளுற காத்து ஏற்கனவே அமுக்கப்பட்டுச் சூடேறித்தான் சிலிண்டருக்கு வருகுது, அதைத் திரும்பவும் அவ்வளவு அமுக்கினா பிளக் பத்தவைச்ச நெருப்பு வந்து சேர முதல் மூலையில கிடக்கிற கலவை தானாப் பத்திப்போடும், அதுதான் நொக். ஒரு பார் பூஸ்ட் எண்டா உள்ள போற காத்து கிட்டத்தட்ட இரட்டிப்பு, அதுக்கேத்த பெற்றோலை உங்கட இன்ஜெக்டராலயும் கம்பியூட்டராலயும் குடுக்க ஏலாது. செலவைக் கூட்டிப் பாத்தா முழு 4ஈ-எஃப்டிஈ இஞ்சினை வயரிங், கம்பியூட்டரோட வாங்கி, திறந்து பாத்து, பூட்டுறதுதான் லாபம். இஞ்சின் நம்பர் மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில புத்தகத்தையும் மாத்துங்கோ, அதை விட்டுப்போட்டு விக்கேக்க அந்தரப்படுறவை கனபேர்.

கேள்வி: ஐயா, நான் கராஜில வேலை பழகிறன். டர்போ இஞ்சின் ஒண்டு போர் பண்ணி வந்திருக்குது, பூட்டப் போறம். பெரியவர் ரிங்கைப் பெட்டியில இருந்து எடுத்து அப்பிடியே போடச் சொல்லுறார், கடைக்காரரும் அதைத்தான் சொல்லுறார். நான் வாசிச்சதில வேற மாதிரிக் கிடக்குது. கழுவுறதில இருந்து சொல்லித் தருவீங்களோ?
- வாசகர், நெல்லியடி

பதில்: கேட்டது நல்லது, ஒண்டொண்டாச் சொல்லுறன்.

லேத்தில இருந்து வந்த புளொக் பாக்கத் துப்புரவா மினுங்கும், ஆனா ஹோன் பண்ணின கல்லின்ர பொடி அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள்ள இறங்கி நிக்கும். பெற்றோலிலயோ மண்ணெண்ணெயிலயோ கழுவினா அது போகாது, எண்ணெய் மட்டும் கரைஞ்சு பொடி இன்னும் உள்ள போய்க் குந்தும். சுடுதண்ணியும் சவுக்காரத்தூளும் போட்டு, விறைப்பான பிரஷ்ஷால சிலிண்டரைத் தேச்சுத் தேச்சுக் கழுவவேணும். பிறகு வெள்ளைத் துணியில ஒயில் தொட்டு சிலிண்டருக்குள்ள துடைச்சுப் பாருங்கோ, துணி சாம்பல் நிறமா வந்தா திரும்பவும் கழுவுங்கோ. துணி வெள்ளையா வரும் வரைக்கும் விடாதேங்கோ, எத்தினை தரம் எண்டாலும். ஒயில் போற வழியளை மூடியிருக்கிற பிளக்குகளைக் கழட்டி, நீட்டுப் பிரஷ் விட்டு இழுங்கோ, க்ராங்கில இருக்கிற ஒயில் ஓட்டையளையும் அப்பிடித்தான், பழைய பெயரிங் உடைஞ்ச துகள் எல்லாம் அங்கதான் ஒளிஞ்சு கிடக்கும். கழுவி முடிஞ்ச உடன காத்து அடிச்சுக் காயவிட்டு ஒயில் பூசிப்போடுங்கோ, எங்கட பக்கம் கடல்காத்து, பூசாமல் விட்டா சாப்பிட்டு வாறதுக்குள்ள சிலிண்டரில செம்மண் நிறம் தட்டிப்போடும்.

பழைய இஞ்சினில பெயரிங் உடைஞ்சதெண்டா ஒயில் கூலரைப் புதுசா மாத்துங்கோ, அதுக்குள்ள கிடக்கிற துகளைக் கழுவி எடுக்கவே ஏலாது. டர்போ சக்கரம் உடைஞ்சிருந்தா இன்டர்கூலரையும் குழாயளையும் கழட்டிக் கழுவுங்கோ.

ரிங். டர்போ இல்லாத காருக்கு பெட்டியில வந்ததை அப்பிடியே போட்டு ஓடினவை இருக்கினம், பெரியவர் அந்தப் பழக்கத்தில சொல்லியிருப்பார். டர்போவில ரிங் கூடச் சூடேறும், சூடேறினா நீளும், ரெண்டு நுனியும் முட்டிப்போட்டா போக இடமில்லாமல் சிலிண்டரைச் சுரண்டும், பிஸ்டன்ர வரம்பை உடைக்கும். அதால ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போற சிலிண்டருக்குள்ளயே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு நேராத் தள்ளி, ஃபீலர் கேஜால இடைவெளியைப் பாக்கவேணும். சாதாரண இஞ்சினுக்கு போர் அளவில ஆயிரத்தில நாலு பங்கு, றோட்டில ஓடுற டர்போவுக்கு ஆயிரத்தில அஞ்சு பங்கு எண்டது பொதுக் கணக்கு. 74 மில்லிமீற்றர் போருக்கு சாதாரண இஞ்சின் கணக்கு 0.30 மில்லிமீற்றர் அளவில வரும், டர்போக் கணக்கு 0.37. ரிங் கொம்பனி தாள் தந்திருந்தா அதைத்தான் பின்பற்றவேணும். ரெண்டாம் ரிங்குக்கு முதலாம் ரிங்கை விடக் கொஞ்சம் கூட விடுறது நல்லது, நடுவில அமுக்கம் தங்கி மேல் ரிங்கைத் தூக்காமல் இருக்கும். இடைவெளி குறைவெண்டா ரிங்கின்ர ஒரு நுனியை மட்டும் அரத்தால சதுரமா அராவுங்கோ, வெளிப்பக்கத்தில இருந்து உள்நோக்கி, பிறகு பிசிரை மெல்லிய கல்லால எடுங்கோ. கொஞ்சம் கூடிப்போனா பெரிய பாதகமில்லை, குறைஞ்சாத்தான் ஆபத்து.

பெயரிங் இடைவெளிக்கு பிளாஸ்டிகேஜ் எண்டு ஒரு மெழுகு நூல் இருக்குது, வாங்கி வையுங்கோ. பெயரிங்கையும் ஜேர்னலையும் ஒயில் இல்லாமல் துடைச்சு, நூலில ஒரு துண்டு வெட்டி ஜேர்னலில நீளப்பாட்டுக்கு வச்சு, கேப்பைப் போட்டு முழு டோர்க்குக்கு (மனுவல் சொல்லுற இறுக்க அளவுக்கு) இறுக்கி, க்ராங்கை ஒரு மயிரளவும் சுத்தாமல், திரும்பக் கழட்டிப் பாருங்கோ. நூல் நசிஞ்சு அகலிச்சிருக்கும், உறையில இருக்கிற அளவுகோலோட ஒப்பிட்டா இடைவெளி தெரியும். ஜேர்னல் விட்டத்தில ஆயிரத்தில ஒரு பங்கு எண்டு பொதுவாச் சொல்லுவினம், 40 மில்லிமீற்றர் ஜேர்னலுக்கு 0.04, ஆனா முடிவு சொல்லுறது அந்த இஞ்சின்ர மனுவல்தான். நசிஞ்ச நூல் ஒரு பக்கம் அகலமா மற்றப் பக்கம் ஒடுக்கமா இருந்தா ஜேர்னல் சரிஞ்சு தேஞ்சிருக்குது, க்ராங்க் திரும்ப லேத்துக்குப் போகவேணும்.

ஹெட் காஸ்கெட் பல அடுக்கு உருக்கு வகை எண்டா, எம்எல்எஸ் எண்டு சொல்லுவினம், அது டர்போவுக்கு நல்லது, ஆனா புளொக்கும் ஹெட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பா இருக்கவேணும். முரட்டு மேற்பரப்பில அதைப் போட்டா தண்ணி கசியும், அப்ப பழைய வகைக் காஸ்கெட்டே மேல். நேர்விளிம்பு வச்சு 0.05 ஃபீலர் நுழையுதோ எண்டு நீளம், அகலம், மூலைக்கு மூலை பாருங்கோ. ஹெட் போல்ட்டை நடுவில இருந்து வெளிப்பக்கமா, ரெண்டு மூண்டு சுற்றா இறுக்குங்கோ.

கேள்வி: டோர்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில இறுக்கிற பாஸ்மார் யாழ்ப்பாணத்தில எத்தினை பேர். அவையள் கட்டின இஞ்சின் ஓடேல்லையோ?
- வாசகர், சுன்னாகம்

பதில்: ஓடினது, அதை நான் மனசார ஒத்துக்கொள்ளுறன். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரினையும் மொறிஸையும் துளிப் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓட வச்சு, ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் சனத்தைக் கொண்டுபோனது அந்தக் கைப்பழக்கம்தான், அப்பிடிப்பட்டவையளிட்ட வேலை பழகக் கிடைக்கிறது பெரிய காரியம். ஆனா அந்த இஞ்சினுகள் மண்ணெண்ணெயைத் தாங்கினதுக்கு ஒரு காரணம் அதுகளின்ர கம்ப்ரெஷன் குறைவு, நொக் பண்ணினாலும் உடையிற அளவுக்கு அமுக்கம் இல்லை. டர்போ இஞ்சினில ரொட் போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுபடுது. போல்ட் எண்டது இறுகேக்க நூலளவு நீளவேணும், அந்த நீட்டம்தான் ரொட்டையும் கேப்பையும் சேத்துப் பிடிக்குது, நீட்டம் காணாட்டி கழரும், கூடினா அறும், அதைக் கையால உணர ஏலாது. பூசுற எண்ணெய் மாறினாலே அதே டோர்க்குக்கு நீட்டம் மாறும், அதால போல்ட்டோட வந்த கிரீஸ் இருந்தா அதைத்தான் பூசவேணும். டோர்க்குக்குப் பிறகு இவ்வளவு பாகை திருப்பு எண்டு மனுவல் சொல்லுற போல்ட்டுகள் அனேகமா ஒருக்கா இறுக்கிறதுக்குத்தான், திரும்பப் போடாதேங்கோ.

கேள்வி: புது டர்போ போட்டு ரெண்டு கிழமை. நீலப் புகை வருகுது. வித்தவர் சீல் போயிட்டுது எண்டு வேற டர்போ எடுக்கச் சொல்லுறார். உண்மையோ?
- வாசகர், மானிப்பாய்

பதில்: அவசரப்பட்டு வாங்காதேங்கோ. நீலப் புகை எண்டா ஒயில் எரியுது, அது எங்கால வருகுது எண்டுதான் பாக்கவேணும். டர்போவுக்குள்ள இருக்கிறது றப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம், அது ஒயிலை நிப்பாட்டுறது ரெண்டு பக்க அமுக்கமும் சரியா இருந்தாத்தான். தண்டு நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல சுத்துது, ஒயில் அமுக்கத்தோட உள்ள போய், நுரைச்சுப்போய், பாரத்தில மட்டும் கீழ இறங்குது. இறங்குற குழாய் எங்கயாவது மடிஞ்சாலோ, படுக்கையாப் போனாலோ, சம்பில, அடியில இருக்கிற ஒயில் தட்டில, ஒயில் மட்டத்துக்குக் கீழ போய்ச் சேந்தாலோ, காஸ்கெட்டுக்குப் பதிலா சிலிக்கன் பூசி அது உள்ள பிதுங்கினாலோ, ஒயிலுக்குப் போக வழியில்லாமல் வளையத்தைத் தாண்டி வரும். முதல் அந்தக் குழாயைக் கழட்டிப் பாருங்கோ.

பிறகு சம்புக்குள்ள சேருற வாயுவை வெளிய எடுக்கிற பிசிவி வால்வும் மூச்சுக் குழாயும் பாருங்கோ. ரிங் தேஞ்சு கம்ப்ரெஷன் கீழ இறங்கிச் சம்புக்குள்ள அமுக்கம் கட்டினாலும் ஒயில் இறங்காது, டர்போதான் பழி ஏற்கும். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் கம்ப்ரெஸர் பக்கம் உறிஞ்சி இழுக்கும். இவ்வளவும் சரியெண்டா தண்டைக் கையால ஆட்டிப் பாருங்கோ, பக்கவாட்டில கொஞ்சம் ஆடுறது வழமை, ஒயில் இல்லாமல் ஆட்டேக்க அப்பிடித்தான் இருக்கும், முன்னுக்குப் பின்னுக்கு ஆடினாலோ சக்கரம் சுவரில உரஞ்சின அடையாளம் இருந்தாலோதான் டர்போ போனது.

கேள்வி: தம்பி, அவரின்ர ரொயோட்டா டொல்பின் வான், 1கேசெட்-டிஈ டர்போ டீசல் இஞ்சின், ஹயருக்கு ஓடுறது. சூடேறி ஹெட் வெடிச்சு, ஹெட் மாத்தி, இப்ப திரும்பவும் சூடேறுது. ரேடியேற்றருக்கு எங்கட கிணத்துத் தண்ணிதான் விடுறம், நல்ல தண்ணிக் கிணறு. வேற என்னத்தைப் பாக்க?
- வாசகி, உடுவில்

பதில்: அக்கா, அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் பாக்கவேணும். குடிக்க நல்ல தண்ணிதான், ஆனா குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்குது, தண்ணியில சுண்ணாம்பு கரைஞ்சு வருகுது, உங்கட கேத்திலுக்க வெள்ளையாப் படியிறது அதுதான். இஞ்சினுக்குள்ள எந்த இடம் கூடச் சூடோ அங்கதான் அது முதல் படியும், வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில இருக்கிற ஒடுக்கமான வழியில. படிஞ்ச சுண்ணாம்பு சூட்டைத் தண்ணிக்கு விடாது, உலோகம் சூடேறும், அந்த இடத்திலயே ஹெட் வெடிக்கும். இந்த 2982 சிசி இஞ்சினுக்கு அலுமினிய ஹெட், சூடேறினா வெடிக்கிறது அதுக்குப் பேர்போன வருத்தம்.

புது ஹெட் போட்டாலும் புளொக்கிலயும் ரேடியேற்றரிலயும் பழைய படிவு அப்பிடியே இருக்குது. ரேடியேற்றரைக் கழட்டி உள்ளோட்டம் பாத்துக் கழுவவோ மாத்தவோ வேணும், தேர்மோஸ்டாட், ரேடியேற்றர் மூடி, ஃபான் கிளச் மூண்டையும் பாக்கச் சொல்லுங்கோ. மூடி அமுக்கம் பிடிக்காட்டி தண்ணி கெதியாக் கொதிக்கும், சின்னச் சாமான் எண்டு அதை விடுறவைதான் கூட. பிறகு கலந்து வாற கூலண்டை விடுங்கோ, இல்லாட்டி கூலண்டுக்குப் பற்றறிக்கு விடுற தண்ணியைச் சரிபாதி சேருங்கோ. வழியில தண்ணி குறைஞ்சாலும் அதுதான், ஒரு போத்தல் வானுக்குள்ள வச்சிருங்கோ.

ஹெட் திரும்பக் கழட்ட வேண்டி வந்தா, பிஸ்டன் புளொக்குக்கு மேல எவ்வளவு நீட்டி நிக்குது எண்டு டயல் கேஜில அளந்து, அதுக்கேத்த தடிப்பில காஸ்கெட் வாங்கச் சொல்லுங்கோ, இந்த டீசலுகளுக்கு காஸ்கெட் தடிப்பு வித்தியாசமா வரும். வெல்ட் பண்ணின பழைய ஹெட் வேண்டாம், ஹயர் ஓடுற வானில பிள்ளையள் கோயில் குளம் எண்டு தூரம் போறவை, நடுவழியில நிக்கக்கூடாது.

கேள்வி: கட்டி முடிஞ்சு நாளைக்கு ஸ்டார்ட் பண்ணப்போறம். எத்தினை மணித்தியாலம் ஐடிலில, அக்சிலேற்றர் அமத்தாமல், ஓட விடவேணும்? பிறகு எப்பிடி ஓடுறது?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: ஐடிலில விடவே வேண்டாம். புது ரிங் சிலிண்டரோட பழகிறது எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால போய் அதை வெளிய தள்ளுறதால, ஐடிலில அந்த அமுக்கம் இல்லை. நெடுக ஐடிலில விட்டா ஹோனிங் கோடு மழுங்கிப்போடும், ரிங் பழகாது, பிறகு காலம் முழுக்க ஒயில் குடிக்கும்.

ஸ்டார்ட் பண்ண முதல் டர்போவின்ர ஒயில் வாயால ஒயில் விட்டுச் சக்கரத்தைக் கையால சுத்திவிடுங்கோ. பிளக்குகளைக் கழட்டி, பெற்றோலையும் நெருப்பையும் நிப்பாட்டிப்போட்டு, ஒயில் அமுக்கம் கேஜில ஏறும் வரைக்கும் ஸ்டார்ட்டரால சுத்துங்கோ, விட்டு விட்டு, ஸ்டார்ட்டர் சூடேறாமல். அமுக்கம் ஏறாட்டி பிளக் பூட்டாதேங்கோ, காரணத்தைத் தேடுங்கோ. ஒயில் சாதாரண மினரல் ஒயில், 10டபிள்யூ-30 அல்லது 15டபிள்யூ-40, சிந்தெட்டிக் இப்ப வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனா கசிவு பாருங்கோ, சூடு பாருங்கோ, சூடேறின உடன றோட்டுக்கு எடுங்கோ. மலைநாட்டில எண்டா ஏத்தத்தில சும்மா பாரம் கிடைக்கும், எங்களுக்குத் தட்டையான நிலம், அதால பாரத்தை நாங்கள்தான் உண்டாக்கவேணும். உங்களுக்கு வல்லை வெளி கிட்ட, விடியக்காலமை வாகனம் குறைவா இருக்கேக்க போங்கோ. மூண்டாம் கியரில, நடு அளவா அமத்தி, மெல்ல மெல்ல வேகம் ஏத்துங்கோ, பிறகு அக்சிலேற்றரில இருந்து காலை முழுக்க எடுத்து கியரிலயே வேகம் இறங்க விடுங்கோ, திரும்ப ஏத்துங்கோ. ஏறேக்க ரிங் அமத்துப்படும், இறங்கேக்க உறிஞ்சி ஒயில் வந்து தேஞ்ச பொடியைக் கழுவும். ஒரே வேகத்தில நெடுகப் போகாதேங்கோ, அதால முதல் ஓட்டமே கொழும்புக்கு எண்டு ஏ9இல ஏறவேண்டாம். பூஸ்டை 1000 கிலோமீற்றர் வரைக்கும் ஆகக் குறைஞ்ச அளவில வையுங்கோ. ஓடி வந்து உடன நிப்பாட்டாமல் ஒண்டு ரெண்டு நிமிசம் ஓட விட்டு நிப்பாட்டுங்கோ, சூடான டர்போவுக்குள்ள ஒயில் நிண்டு கரியாப் போகாமல் இருக்கும்.

முதல் ஓட்டம் முடிஞ்ச உடனயே, அதே நாளில, ஒயிலையும் ஃபில்டரையும் மாத்துங்கோ. பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ள இருக்கிற தாளை விரிச்சு வெய்யிலில பிடிச்சுப் பாருங்கோ. மெல்லிய சாம்பல் பொடி இருக்கும், அது ரிங் பழகின பொடி, பயமில்லை. காந்தத்தில ஒட்டாத மினுங்கல் செதில் கண்டா அனேகமா பெயரிங் உலோகம், செம்பு நிறம் தெரிஞ்சா சந்தேகமே இல்லை, அதோட ஒரு கிலோமீற்றரும் ஓடாமல் சம்பைக் கழட்டி ரொட் பெயரிங்கைப் பாருங்கோ. ஒண்டும் இல்லையெண்டா 500இல திரும்ப ஒருக்கா, 1000இல இன்னொருக்கா ஒயில் மாத்தி, கம்ப்ரெஷன் பாருங்கோ. நாலு சிலிண்டருக்கும் நடுவில நூற்றுக்குப் பத்துக்கு மேல வித்தியாசம் இல்லாட்டி சிந்தெட்டிக் ஒயிலுக்கு மாறி, பூஸ்டை கொம்பனி அளவுக்கு விடலாம்.